ஜிஎம் 6.2 லிட்டர் வி8 என்ஜின் ரீகால்: வண்டி வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 என்ஜின் பொருத்திய பிக்கப்களையும் பெரிய எஸ்யூவிகளையும் ரீகால் செய்தது, அதாவது குறையை இலவசமாகச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 5,97,630 வண்டிகள். மற்ற நாடுகளையும் சேர்த்தால் சுமார் 7,21,000. அமெரிக்க வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் பதிவில் இதன் எண் 25வி274. ரீகால் கடிதம் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது புது என்ஜின் அல்ல, வேறு ஆயில். குழப்பமும் கோபமும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எந்தெந்த வண்டிகள் இதில் வருகின்றன?

2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் எல்87 என்ற 6.2 லிட்டர் என்ஜின் கொண்டவை: செவர்லே சில்வராடோ 1500, டாஹோ, சபர்பன்; ஜிஎம்சி சியாரா 1500, யூகான், யூகான் எக்ஸ்எல்; காடிலாக் எஸ்கலேட், எஸ்கலேட் இஎஸ்வி. 2021 மார்ச் 1க்கும் 2024 மே 31க்கும் இடையே தயாரானவை என்பது நிறுவனம் சொன்ன வரம்பு. அதே சில்வராடோவில் 5.3 லிட்டர் வி8, 2.7 லிட்டர் டர்போ, 3.0 லிட்டர் டீசல் என்ஜின்களும் வரும். அவை இந்த ரீகாலில் இல்லை.

என் வண்டியில் இருப்பது 6.2தானா என்று எப்படி உறுதி செய்வது?

வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணின் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். அது ‘எல்’ என்றால் எல்87. முன்கண்ணாடியின் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில், டேஷ்போர்டின் மேல் அந்த எண் இருக்கும். பதிவுச் சான்றிலும் காப்பீட்டு அட்டையிலும் இருக்கும். ஆனால் என்ஜின் இருப்பதாலேயே ரீகால் உண்டு என்று ஆகிவிடாது. முழு வின் எண்ணையும் என்.எச்.டி.எஸ்.ஏ. இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டால்தான் உறுதியாகத் தெரியும். தபாலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கும் வீடு மாறியவர்களுக்கும் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடுவது வழக்கம்.

என்ஜினுக்குள் என்னதான் கெடுகிறது?

பிஸ்டனையும் அது சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. ராடின் பெரிய முனை கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய இரண்டு அரைவட்ட பேரிங் தகடுகள் இருக்கும். நல்ல என்ஜினில் இந்தத் தகடு கிராங்க்கைத் தொடுவதே இல்லை. நடுவே இருக்கும் ஆயில் படலம்தான் சுமையைத் தாங்குகிறது. இந்த வகை என்ஜின்களில் அந்த இடைவெளி பொதுவாக 0.03 முதல் 0.06 மில்லிமீட்டர் வரைதான்.

ஜிஎம் கண்டறிந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, ராடுகளிலும் கிராங்க்கின் ஆயில் துளைகளிலும் தயாரிப்பின்போதே தங்கிவிட்ட வண்டல். இரண்டு, அளவும் மேற்பரப்பு வழவழப்பும் விதித்தபடி அமையாத கிராங்க்ஷாஃப்ட்கள். துகள் ஆயிலோடு பேரிங்குக்குள் போனால் தகட்டைக் கீறும். கிராங்க் சொரசொரப்பாக இருந்தால் அதன் முகடுகள் படலத்தைக் கிழிக்கும். இரண்டிலும் முடிவு ஒன்றே: உலோகம் உலோகத்தோடு உரசுகிறது, சூடு ஏறுகிறது, தகடு தேய்ந்து இடைவெளி பெருகுகிறது. அந்த இடைவெளி வழியாக ஆயில் வேகமாக வெளியேற, படலம் இன்னும் மெலிகிறது. கடைசியில் தகடு தன் இடத்திலிருந்தே சுழன்றுவிடும், அல்லது ராடு முறிந்து பிளாக்கின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படி வெளியே வந்தால் சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் கொட்டும் ஆபத்தும் உண்டு.

தகடு கெடத் தொடங்கிய பிறகு அது தானாகச் சரியாவதில்லை. எவ்வளவு வேகமாகக் கெடும் என்பது மட்டுமே வேறுபடும்.

முன்கூட்டியே ஏதாவது அறிகுறி தெரியுமா?

சில வண்டிகளில் தெரியும், சிலவற்றில் தெரியாது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது என்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும் கனத்த ‘டொக் டொக்’ தட்டல்தான் முதல் அறிகுறி. குளிர்ந்த என்ஜின் கிளம்பும் நேரத்தில் ஓரிரு நொடி கேட்டு மறையும் டிக் டிக் ஒலி இதுவல்ல. பேரிங் தட்டல் கனமானது, என்ஜின் சூடான பிறகுதான் தெளிவாகக் கேட்கும், பாரம் ஏறும்போது மோசமாகும். செக் என்ஜின் விளக்கு எரிவது, இழுவை தடுமாறுவது, கியர் சரியாக மாறாதது, என்ஜின் கிளம்ப மறுப்பது ஆகியவையும் பதிவான அறிகுறிகளே.

ஆயில் பிரஷர் காட்டும் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். எட்டு ராடுகளில் ஒன்றின் பேரிங் கெட்டாலும் மொத்தப் பிரஷர் கணிசமாகக் குறைய நேரம் எடுக்கும்.

தட்டல் கேட்டால் ‘டீலர் வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்’ என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்திலேயே நிறுத்தி, டோ வண்டியை அழையுங்கள். பவர்ட்ரெய்ன் (என்ஜின், கியர் பெட்டி) வாரண்டி காலத்துக்குள் இருந்தால் சாலையோர உதவியும் அதிலேயே அடங்கும்.

நெடுஞ்சாலையில் ஓடும்போதே என்ஜின் நின்றுவிட்டால்?

எச்சரிக்கை விளக்குகளைப் போடுங்கள். நியூட்ரலுக்கு மாற்றி, வண்டி தானாக உருளும் வேகத்திலேயே வலது ஓரத்துக்குக் கொண்டு வாருங்கள். ஸ்டீயரிங் கனமாகலாம், பிரேக்கை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கலாம். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். பூட்டிக்கொண்ட என்ஜினை ஸ்டார்ட்டர் கொண்டு சுற்றவைத்தால், விரிசலோடு தப்பித்திருக்கும் ராடு முறியும். ட்ரெய்லர் இழுத்து வந்திருந்தால், எல்லோரும் தடுப்புச் சுவருக்கு அப்பால் இறங்கி நிற்பதே பாதுகாப்பு.

ஜிஎம் அமெரிக்காவில் கண்டறிந்த புகார்களும் சம்பவங்களும் 28,102. அவற்றில் 14,332இல் ஓடும்போது இழுவை போனதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 12 விபத்துகள், 12 காயங்கள் இதோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்றும் நிறுவனமே பதிவு செய்துள்ளது.

டீலரிடம் வண்டியை விட்டால் என்ன செய்வார்கள்?

முதலில் வண்டியின் கணினியில் பி0016 என்ற பழுதுக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிராங்க்ஷாஃப்ட் நிற்கும் கோணமும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் நிற்கும் கோணமும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது பதிவாகும் குறியீடு அது. டைமிங் செயின், கேம் ஆக்சுவேட்டர், சென்சார் கோளாறுகளாலும் அது வரும் என்பதால், குறியீடு வந்தாலே பேரிங்தான் போயிருக்கிறது என்று பொருளல்ல. குறியீடு இல்லாததால் பேரிங் நலம் என்றும் பொருளல்ல.

சோதனையில் தேறாத வண்டிக்கு என்ஜின் பழுதுபார்க்கப்படும் அல்லது மாற்றப்படும். தேறிய வண்டிக்கு 0டபிள்யூ-20 ஆயிலை வடித்துவிட்டு 0டபிள்யூ-40 ஊற்றுவார்கள். புது ஃபில்டர், புது ஆயில் மூடி, கையேட்டில் செருக ஒரு தாள் ஆகியவையும் கிடைக்கும். எல்லாம் இலவசம்.

வண்டியை விடும்போது வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஏதாவது சத்தம் கேட்டிருந்தால், எந்த நாள், எத்தனை மைல், எந்த வேகம் என்று ரிப்பேர் ஆர்டரில் ‘வாடிக்கையாளர் கூறுவது’ என்ற வரியில் எழுதச் சொல்லுங்கள். சத்தம் கேட்கும்போதே போனில் பதிவு செய்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதித் தந்தாலும் அந்தத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து என்ஜின் போனால், அன்றே சொன்னேன் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். இந்த ரீகாலில் உரிமையாளரைக் காப்பாற்றுவதில் ஆயிலைவிடக் காகிதத்துக்குப் பங்கு அதிகம்.

ஆயில் மாற்றினால் கோளாறு தீர்ந்துவிடுமா?

தீராது. வாய்ப்பைக் குறைக்கும்.

ஆயில் பெயரில் முதலில் வரும் ‘0டபிள்யூ’ குளிரில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைக் காட்டுவது; பின்னால் வரும் எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுவது. எஸ்ஏஇ தரப்படி 20 வகை ஆயிலின் பாகுநிலை அந்தச் சூட்டில் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ். 40 வகைக்கு 12.5 முதல் 16.3 வரை. சூட்டிலும் அழுத்தத்திலும் பேரிங்குக்குள் நசுங்கும்போது தாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 20க்கு 2.6, 0டபிள்யூ-40க்கு 3.5 மில்லிபாஸ்கல்-நொடி. ஆக, படலம் தடிமனாகிறது. எல்லைக்கோட்டில் இருக்கும் கிராங்க்கின் முகடுகள் பேரிங்கைத் தொடாமல் போக வாய்ப்பு கூடுகிறது.

ஆனால் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டலை எந்த ஆயிலும் வெளியேற்றாது, ஏற்கெனவே கீறிய தகட்டை ஒட்டவும் வைக்காது. இதை நிறுவனம் ‘தீர்வு’ என்று சொல்வது கொஞ்சம் தாராளமான சொல். ஆயில் மாற்றிய பிறகும் என்ஜின் போனதாகப் பாதுகாப்பு அமைப்புக்குப் புகார்கள் போயிருக்கின்றன.

அப்படியானால் 0டபிள்யூ-40 போடாமல் விடலாமா?

போடுங்கள். கார்வெட் ஸ்டிங்ரேயின் 6.2 லிட்டர் வி8க்கு நிறுவனம் விதித்ததே 0டபிள்யூ-40தான். பிக்கப்பில் 0டபிள்யூ-20 வைத்ததற்கு எரிபொருள் சிக்கனக் கணக்குதான் முக்கிய காரணம். மினசோட்டா, ஆல்பர்ட்டா குளிரிலும் பயமில்லை, ஏனென்றால் முன் எண் மாறவில்லை. எரிபொருள் சற்றுக் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

வாங்கும்போது டப்பாவில் ஜிஎம்மின் ஆயில் தர முத்திரையான ‘டெக்ஸோஸ் ஆர்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரோடு சேர்த்துக் கொள்ளளவு 8 குவார்ட், அதாவது சுமார் 7.6 லிட்டர். வேக ஆயில் கடைகளில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: அவர்களின் கணினி உங்கள் மாடலுக்குப் பழைய 0டபிள்யூ-20ஐயே காட்டும், ஊழியரும் அதையே ஊற்றிவிடுவார். மூடியில் எழுதியிருப்பதைக் காட்டி, பில்லிலும் 0டபிள்யூ-40 என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்களே வீட்டில் மாற்றினாலும் சட்டப்படி வாரண்டி போகாது. ஆயில், ஃபில்டர் ரசீதுகளும் ஓடோமீட்டர் படமும் தேதியோடு இருக்க வேண்டும். ஆனால் ரீகாலுக்கான முதல் மாற்றத்தை டீலர்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் பதிவில் அது நிலுவையாகவே நிற்கும்.

ஆயில் ஆயுள் மானிட்டர் 0 காட்டும்வரை காத்திருப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இந்த என்ஜினுக்கு 5,000 மைல் (8,000 கிலோமீட்டர்) என்பதே எங்கள் கணக்கு. ட்ரெய்லர் இழுப்பவர்கள் அதற்கும் முன்பே மாற்றலாம்.

ஓட்டும் முறையில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஒன்று உண்டு. குறைந்த சுழற்சியில் அதிகப் பாரம் என்பதே ராடு பேரிங்குக்கு மிகக் கடினமான நிலை. கிராங்க் மெதுவாகச் சுற்றும்போது ஆயில் படலம் மெலிந்திருக்கும், பிஸ்டன் தள்ளும் விசையோ உச்சத்தில் இருக்கும். பத்து கியர் பெட்டி எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக என்ஜினை அந்த நிலையிலேயே வைத்திருக்கப் பார்க்கும். ட்ரெய்லர் மாட்டினாலும் மலை ஏறினாலும் பாரம் இழுப்பதற்கான டோ/ஹால் மோடைப் போடுங்கள். குளிர்ந்த என்ஜினை முதல் சில நிமிடங்கள் மிதித்து விரட்ட வேண்டாம்.

ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தால் தெரியுமா?

உதவும், உறுதி தராது. அடுத்தடுத்த மூன்று மாற்றங்களில் தாமிரம், ஈயம், தகரம், அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு அறிக்கையின் எண்ணில் பெரிய அர்த்தமில்லை. மாதிரியை வடியும் ஆயிலின் நடுப்பகுதியிலிருந்து பிடியுங்கள், தொடக்கத்தில் வரும் அடிமண்டியிலிருந்து அல்ல. பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளை வெயிலில் பார்ப்பதும் நல்ல பழக்கம். பளபளக்கும் செதில்கள் கண்ணுக்குத் தெரிந்தால் ஆய்வகத்துக்குக் காத்திருக்காமல் அந்த ஃபில்டரோடு டீலரிடம் போங்கள். ஆய்வக இயந்திரங்கள் மிக நுண்ணிய துகள்களையே எண்ணும். பெரிய செதில் அறிக்கையில் வராமலே போகலாம்.

எல்லோருக்கும் என்ஜினை மாற்றித் தராதது ஏன்? டொயோட்டா மாற்றியதே?

2024இல் டொயோட்டா 2022, 2023 டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் 600 ஆகியவற்றில் சுமார் 1,02,000 வண்டிகளை ரீகால் செய்தது. அங்கும் கதை ஒன்றுதான்: தயாரிப்பின்போது உள்ளே தங்கிய உலோகத் துகள், கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் சேதம். சில மாதங்களில் அந்த வண்டிகளுக்கு என்ஜினையே மாற்றித் தருவதாக அறிவித்தார்கள்.

ஜிஎம்மின் கணக்கு வேறு. ரீகாலான வண்டிகளில் சுமார் 3 சதவீதத்தில்தான் குறைபாடு இருக்கும் என்பது அவர்களின் மதிப்பீடு. ஆறு லட்சத்தில் 3 சதவீதம் என்றால் சுமார் 18,000. மீதிக்கும் சேர்த்து என்ஜின் தயாரிக்க ஆகும் செலவையும் காலத்தையும் நினைத்தால் அவர்கள் முடிவு புரிகிறது. உரிமையாளரின் நிலை வேறு: தன் வண்டி அந்த 3இல் ஒன்றா 97இல் ஒன்றா என்று கழற்றிப் பார்க்காமல் அவருக்குச் சொல்ல ஆளில்லை. 2022 பிப்ரவரி, 2023 ஜூன், 2024 ஜூலை என மூன்று முறை நிறுவனத்துக்குள்ளேயே விசாரணை தொடங்கி, ரீகால் இல்லாமல் மூடப்பட்டது. 2025 ஜனவரியில் என்.எச்.டி.எஸ்.ஏ. விசாரணை திறந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. இந்த வரலாறு தெரிந்தவர்கள் 3 சதவீதத்தை அப்படியே நம்பத் தயங்குவதில் தவறு சொல்ல முடியாது.

10 ஆண்டு, 1,50,000 மைல் பாதுகாப்பு என்கிறார்களே, அது என்ன?

சோதனையில் தேறி ஆயில் மட்டும் மாற்றப்பட்ட வண்டிகளுக்கு, இதே பேரிங், ராடு, கிராங்க் கோளாறு பின்னால் வந்தால் ஜிஎம் தரும் சிறப்பு நீட்டிப்பு இது. 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் (சுமார் 2,40,000 கிலோமீட்டர்), எது முதலில் வருகிறதோ அதுவரை. வழக்கமான பவர்ட்ரெய்ன் வாரண்டி செவர்லே, ஜிஎம்சிக்கு 5 ஆண்டு/60,000 மைல், காடிலாக்குக்கு 6 ஆண்டு/70,000 மைல் என்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய நீட்டிப்புதான். வண்டியோடு போகும், உரிமையாளரோடு அல்ல. அடுத்தவருக்கு விற்றாலும் தொடரும்.

எல்லா என்ஜின் பழுதுக்கும் இது செல்லாது. கேம்ஷாஃப்ட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டர் உடைந்தது, தண்ணீர் பம்ப் போனது போன்றவை இதில் வராது. ஆயில் மாற்றிய பதிவு இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை கசக்கும்.

லிஃப்டர் பழுதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பாரம் குறையும்போது சில சிலிண்டர்களை அணைத்து வைக்கும் அமைப்பில் லிஃப்டர்கள் சிக்கிக்கொள்வது வேறு கோளாறு, அது 5.3இலும் வருகிறது. அந்த அமைப்பை முடக்க, பழுதுக் குறியீடு படிக்கும் ஓபிடி துளையில் மாட்டும் கருவியால் ராடு பேரிங்குக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. டீலரிடம் போகும் முன் கழற்றி வையுங்கள். வீண் வாதம் மிச்சம்.

எனக்கு என்ஜின் மாற்றுகிறார்கள். எதையெல்லாம் கேட்க வேண்டும்?

முதல் கேள்வி ஆயில் கூலரைப் பற்றியதாக இருக்கட்டும். பேரிங் சிதைந்தால் உலோகத்தூள் ஆயில் போகும் வழியெல்லாம் போயிருக்கும். கூலரின் நுண்ணிய குழாய்களுக்குள் அது தங்கினால் அலசி முழுதாக எடுப்பது கடினம். பழைய கூலரையும் குழாய்களையும் புது என்ஜினோடு இணைத்தால், அதே தூள் புது பேரிங்குகளுக்குள் போகும். கூலர் மாற்றப்பட்டதா, குழாய்கள் மாற்றப்பட்டனவா அலசப்பட்டனவா என்று ரிப்பேர் ஆர்டரில் பகுதி எண்ணோடு இருக்க வேண்டும்.

அடுத்து, வருவது முழு என்ஜினா, அடிப்பகுதி பிளாக் மட்டுமா என்று கேளுங்கள். பழைய சிலிண்டர் ஹெட்களை மேலே மாட்டுவதாக இருந்தால் கேம்ஷாஃப்ட்டும் லிஃப்டர்களும் புதியவையா என்று தெரிந்துகொள்ளுங்கள். கூலன்ட், ஏசி வாயு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட், கேஸ்கெட் எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். புது என்ஜினின் எண்ணையும், அதற்கு எவ்வளவு காலம் வாரண்டி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாரண்டியில் மாற்றிய பாகத்துக்கு வண்டியில் மீதமுள்ள வாரண்டிதான் என்று பல இடங்களில் சொல்வார்கள். காசு கொடுத்துத் தனியாக வாங்கும் என்ஜினுக்கான நீண்ட வாரண்டியை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

வண்டி திரும்பி வந்த முதல் வாரத்தில் குளிர்ந்த என்ஜினில் ஆயில் அளவு, கூலன்ட் அளவு, அடியில் கசிவு ஆகியவற்றைத் தினம் பாருங்கள். கூலன்டில் காற்று தங்கியிருந்தால் ஹீட்டர் சில நேரம் குளிர்ந்த காற்றை ஊதும். அது பெரிய கோளாறு அல்ல, திரும்பக் கொடுத்துக் காற்றை எடுக்கச் சொல்லலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ‘டிக்’ ஒலி வந்தால் போல்ட் சரியாக முறுக்கப்படவில்லை என்று பொருள்.

என்ஜின் வரவில்லை என்று சொல்லி வண்டி மாதக்கணக்கில் டீலரிடமே நிற்கிறது. என்ன வழி?

ரீகால் வேலைக்கு மாற்று வண்டி தர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் பெரும்பாலும் லோனரோ (டீலர் தற்காலிகமாகத் தரும் வண்டி) வாடகைக் காரோ கிடைக்கும். டீலர் கைவிரித்தால் ஜிஎம் வாடிக்கையாளர் உதவி மையத்தை அழைத்து கேஸ் எண் வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் நடக்கும் பேச்சு எதுவும் நடந்ததாகக் கணக்கில் வராது. மாதத் தவணை, வாடகை, ட்ரெய்லருக்காகத் தனியாக எடுத்த பிக்கப் ஆகிய செலவுகளின் ரசீதுகளைச் சேர்த்து வைத்து, நல்லெண்ண ஈட்டுத்தொகையாகக் கேளுங்கள். சிலருக்கு ஒன்றிரண்டு தவணைகள் திரும்பக் கிடைக்கும், சிலருக்கு நீட்டித்த சர்வீஸ் ஒப்பந்தம் கிடைக்கும். கேட்காதவருக்கு ஒன்றும் கிடைக்காது.

சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடம் ஒன்று உண்டு. வண்டியை ரீகால் வேலைக்கு ஒப்படைத்து 60 நாளுக்குள் சரியாகச் செய்து தராவிட்டால், நியாயமான காலத்தில் சரிசெய்யவில்லை என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்று. அதன்பின் வண்டியை மாற்றித் தருவது, தேய்மானம் போகப் பணத்தைத் திருப்பித் தருவது ஆகியவை பேச்சுக்கு வரும். ஆகவே ஒப்படைத்த தேதி எழுத்தில் இருக்க வேண்டும். ‘பாகம் வந்ததும் கூப்பிடுகிறோம்’ என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பினால் அந்தக் கடிகாரம் ஓடுகிறதா என்பதே சர்ச்சையாகிவிடும்.

லெமன் சட்டத்தில் வழக்குப் போடலாமா?

திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வழி தரும் சட்டம் இது; மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் முதல் 24 மாதம் அல்லது 24,000 மைலுக்குள் மொத்தம் 30 நாளோ அதற்கு மேலோ வண்டி பழுதுக்காக நின்றிருந்தால் மனு செய்யலாம். கட்டணம் 35 டாலர், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் ஒப்பான லோனர் தந்த நாட்கள் அந்த 30இல் சேராது. லோனரை வாங்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். 2021, 2022 வண்டிகளுக்குப் பல மாநிலங்களில் இந்தக் கதவு மூடிவிட்டது. கலிஃபோர்னியாவில் சட்டம் உரிமையாளருக்குச் சாதகமானது. அங்கே ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் நிறுவனத்தின் முதல் சமரசத் தொகையில் கையெழுத்திட வேண்டாம்.

ரீகால் வரும் முன்பே சொந்தக் காசில் என்ஜின் மாற்றினேன். பணம் திரும்புமா?

திரும்பக் கேட்கலாம். ரீகால் அறிவிக்கும் நிறுவனம், முன்பே செலவழித்தவர்களுக்கு ஈடுசெய்யும் திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தேவைப்படுபவை: வின் எண், அன்று வண்டி உங்கள் பெயரில் இருந்ததற்கான சான்று, தேதி, மைல், பழுதின் காரணம், பாகம், கூலி ஆகியவை தனித்தனியாக எழுதிய பில், பணம் செலுத்திய ஆதாரம். பல மனுக்கள் சிக்குவது பில்லில் ‘என்ஜின் மாற்றம்’ என்று மட்டும் இருப்பதால்தான். ராடு பேரிங் அல்லது கிராங்க் காரணம் என்று அந்த மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கி இணையுங்கள். கடைசி நாள் கடிதத்தில் இருக்கும், அது தள்ளிப்போகாது.

என் வண்டி 2019 அல்லது 2020. எனக்கு ரீகால் இல்லையா?

இந்த ரீகாலின் தேதி வரம்புக்குள் இல்லை. பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் திறந்த விசாரணை 2019 முதலான வண்டிகளையும் தொட்டது. உங்களுக்குக் கோளாறு வந்தால் அமைப்பின் இணையதளத்திலோ 888-327-4236 என்ற எண்ணிலோ புகார் பதிவு செய்யுங்கள். வரம்பை விரிவாக்க வைப்பது இப்படிச் சேரும் புகார்கள்தான்.

இரண்டாம் கை வண்டி வாங்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் ரீகால் நிலுவையில் உள்ள புது வண்டியை டீலர் விற்கக் கூடாது. பழைய வண்டியை விற்கத் தடையில்லை. ஆகவே வின் எண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆயில் மட்டும் மாற்றப்பட்ட வண்டிக்கும் புது என்ஜின் போட்ட வண்டிக்கும் இணையதளம் ஒரே பதிலைத்தான் காட்டும்: நிலுவை எதுவும் இல்லை. விற்பவர் ‘ரீகால் முடிந்துவிட்டது’ என்றால் பொய் சொல்லவில்லை, முழுதும் சொல்லவுமில்லை. எந்த வேலை நடந்தது என்பதை ஜிஎம் டீலரிடம் சர்வீஸ் வரலாறு எடுத்துப் பாருங்கள். மூடியைத் திறந்து 0டபிள்யூ-40 எழுதியிருக்கிறதா, ஆயில் ரசீதுகள் அதற்கு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதே விலையில் 5.3 லிட்டர் வண்டி ஒன்று பக்கத்தில் நின்றால், ட்ரெய்லர் இழுக்காதவருக்கு 6.2இன் கூடுதல் வலு எதற்கு என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

கனடாவில் இருப்பவர்களுக்கு?

ரீகால் கனடாவுக்கும் உண்டு, டீலர் செய்யும் வேலையும் ஒன்றே. டொராண்டோ பகுதியில் 6.2 டாஹோ, யூகான் ஓட்டும் தமிழர்கள் வின் எண்ணை ஜிஎம் கனடா தளத்தில் பார்க்கலாம். டெக்சாஸ், கலிஃபோர்னியா மாதிரியான லெமன் சட்டம் ஒன்டாரியோவில் இல்லை. அதற்குப் பதில் கேம்வாப் என்ற நடுவர் திட்டம் இருக்கிறது: நடப்பு மாடல் ஆண்டும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும், 1,60,000 கிலோமீட்டருக்குள். நடுவரின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், ஆகவே அங்கே போனபின் அதே விஷயத்துக்கு நீதிமன்றம் போக முடியாது. மனு கொடுக்கும் முன் ரிப்பேர் ஆர்டர்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்துவிடுங்கள்.